பதினேழாம் தாள்

ஜனவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே மூவரும் நலம். நீயும் அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்? அண்ணியின் முழங்கால் வலி குறைந்ததா?

ஒரு நல்ல விஷயம் சொல்லத்தான் எழுதுகிறேன். என் மகளுக்கு நீ "அங்குலம்" என்று விளையாட்டாகப் பெயர் வைத்தாய். அவள் அந்தப் பெயரைக் காப்பாற்றியே தீருவது என்று இருக்கிறாள். போன வாரம் அவளுடைய ஆசிரியை என்னைக் கூப்பிட்டுவிட்டார். என்ன வம்போ என்று பயந்துகொண்டே போனேன். மேசைமேல் பள்ளி மாடிப்படியின் வரைபடம் கிடந்தது. இடைவேளை நேரத்தில் அளவுநாடாவோடு ஒவ்வொரு படியாக உட்கார்ந்து அளந்திருக்கிறாள்.

"மூணாவது படி மத்ததைவிட ரெண்டு சென்டிமீட்டர் ஒசரம்னு கண்டுபிடிச்சிருக்காம்மா. அதுலதான் பிள்ளைங்க தடுக்கி தடுக்கி விழுதுங்க. எட்டு வருஷமா நான் தினம் ஏறுற படி, எனக்கே தெரியாது" என்றார்.

தனித்திறமை உள்ள பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளி இருக்கிறதாம். அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும். விண்ணப்பத்தோடு ஒரு தொகுப்பு கேட்கிறார்கள். இரண்டு வருடத்தில் குழந்தை வரைந்தவற்றில் பன்னிரண்டு தாள். அசல்தான் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் "இதை ஏன் வரைந்தாய்?" என்று குழந்தையே அரைப் பக்கம் எழுத வேண்டும். கடைசி நாள் மார்ச் 31.

அசல் எல்லாம் உன்னிடம்தான் இருக்கிறது. மாதம் தவறினாலும் உனக்கு வரைந்து அனுப்ப அவள் தவறியதில்லை. எல்லாவற்றையும் அனுப்பி வை. வீட்டு முகவரிக்கு வேண்டாம். எங்கள் கட்டடத்துத் தபால் பெட்டியில் மழைத் தண்ணீர் இறங்குகிறது. நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கே அனுப்பு. போனிலும் இதைப் பேச வேண்டாம். எல்லாம் தயாரான பிறகு அவரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருக்கிறேன்.

அண்ணிக்கு என் அன்பு.

உன் தங்கை


ஜனவரி 21

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எங்கள் இருவர் உடம்புக்கும் ஒரு குறையும் இல்லை. அண்ணியின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

அங்குலத்தின் செய்தியைப் படித்துவிட்டு எனக்குத் தலைகால் புரியவில்லை. கட்டட அனுமதி அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாக ஊரார் வரைபடங்களைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன். நேற்றுகூட ஒருவர், உள்ளே போக வழியே இல்லாத சமையலறையோடு வீடு கட்ட அனுமதி கேட்டு வந்தார். "சார், எப்படி உள்ள போவீங்க?" என்றால், "கட்டும்போது பாத்துக்கலாம் சார்" என்கிறார். இந்த லட்சணத்தில் ஒன்பது வயதுக் குழந்தை, படியின் உயரத்தில் குறை கண்டுபிடிக்கிறாள்!

மொத்தம் இருபத்து மூன்று தாள் இருக்கின்றன. எண் போட்டு, தேதி போட்டு அனுப்பியிருக்கிறாள். சீக்கிரம் அனுப்புகிறேன். ஒன்றே ஒன்று. பதினேழாம் தாளில் உங்கள் வீட்டை வரைந்திருக்கிறாள். அதில் உள்ளறைக்குள் கதவை ஒட்டியே இரும்பு அலமாரியை நிறுத்திவிட்டாள். அது உள்பக்கம் திறக்கும் கதவு. அலமாரி அங்கே இருந்தால் கதவு எப்படித் திறக்கும்? தேர்வாளர் கண்ணில் பட்டால் மதிப்பெண் குறையும். கேட்டுச் சொல்.

மாப்பிள்ளை எப்படி இருக்கிறான்? அந்த மேசை நாற்காலிக் கடையில் இப்போதும் பேசிப் பேசியே கட்டிலை விற்கிறானா? உன் குரலைக் கேட்டு இரண்டு மாதம் ஆகிறது. நான் கூப்பிடும்போதெல்லாம் அவன்தான் எடுக்கிறான்.

அன்புடன்,
அண்ணன்


பிப்ரவரி 13

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். நீங்கள் நலமா?

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கையில் சின்னச் சுளுக்கு. கடையில் லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்தில் பிசகிக்கொண்டது. இப்போது பேனா பிடிக்க முடிகிறது.

பதினேழாம் தாள் தப்பு. சின்னப் பிள்ளைதானே, ஏதோ ஞாபகத்தில் போட்டுவிட்டாள். அதை அனுப்ப வேண்டாம். அதற்குப் பின்னால் வந்தவையும் வேண்டாம். முதல் பதினைந்து தாள் போதும். அவற்றிலிருந்தே பன்னிரண்டு எடுத்துக்கொள்வேன். தாமதிக்காதே.

தங்கை


பிப்ரவரி 16

அன்புள்ள மாமாவுக்கு,

அங்குலம் எழுதுவது. நான் நலம். நீங்களும் அத்தையும் நலமா? பள்ளி விட்டதும் அம்மாவின் கடையில்தான் உட்கார்ந்திருப்பேன். அங்கிருந்துதான் எழுதுகிறேன். கடைக்கார அம்மா தபால்தலை கொடுத்தார். அம்மாவுக்குத் தெரியாது.

பதினேழாம் தாள் தப்பு என்று அம்மா உங்களுக்கு எழுதியதைப் பார்த்தேன். அது தப்பு இல்லை, மாமா. நான் இரண்டு தடவை அளந்தேன். அலமாரி 91 சென்டிமீட்டர். கதவு 76. பகலில் அலமாரி ஜன்னல் பக்கம் இருக்கும். அந்த இடத்தைப் புள்ளிக்கோட்டில் போட்டிருக்கிறேன், பாருங்கள். நகரும் பொருளைப் புள்ளிக்கோட்டில் காட்ட வேண்டும் என்று நீங்கள்தான் எழுதினீர்கள்.

அப்பா மாடிப்படி ஏறும் சத்தத்தை வைத்து அன்றைக்கு எப்படி என்று அம்மாவுக்குத் தெரிந்துவிடும். சத்தம் சரியில்லை என்றால் நானும் அம்மாவும் சேர்ந்து அலமாரியைத் தள்ளுவோம். எல்லா நாளும் இல்லை. தரையில் கீறல் விழாமல் அடியில் துணி வைப்போம்.

"இதை ஏன் வரைந்தாய்?" என்ற அரைப் பக்கத்தில் இதை எழுதினேன். அம்மா கிழித்துவிட்டார். அப்புறம் அழுதார். நான் தப்பாக வரைந்தேனா, மாமா? நீங்கள் சொன்னால் ஒப்புக்கொள்கிறேன்.

உங்கள்,
அங்குலம்


பிப்ரவரி 22

தங்கச்சி,

நலமா என்று கேட்கக் கை கூசுகிறது.

அங்குலம் எனக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதினாள். அவளைத் திட்டாதே. படித்துவிட்டு அலுவலகத்துக்கு விடுப்புச் சொன்னேன். இருபத்து மூன்று தாளையும் தேதி வரிசைப்படி தரையில் பரப்பினேன். அதற்கு முன் ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை. ஒவ்வொன்றாக வரும், சிவப்புப் பென்சிலால் "மிக நன்று" என்று எழுதுவேன், உறையில் போடுவேன், அவ்வளவுதான்.

ஆறாம் தாளில் கூடத்தில் கண்ணாடிக் கதவு போட்ட அடுக்கு இருக்கிறது. எட்டாம் தாளில் கண்ணாடி இல்லை, வெறும் சட்டம். பதினொன்றில் குளியலறைக் கதவுக்கு வெளிப்பக்கமாக ஒரு தாழ்ப்பாள் புதிதாக முளைத்திருக்கிறது. குளியலறையை யாராவது வெளியிலிருந்து பூட்டுவார்களா? பதினாறில் நாற்காலி நாலு மூன்றாகிவிட்டது. பதினேழில் அலமாரி. எல்லாவற்றின் ஓரத்திலும் என் கையெழுத்து. மிக நன்று, மிக நன்று, மிக நன்று.

ஊரார் வீட்டு வரைபடத்தில் ஒரு ஜன்னல் குறைந்தாலும் கண்டுபிடிக்கிறவன் நான்.

அவன் என் நண்பன். "தங்கமான பையன்" என்று வாய் நிறையச் சொல்லி நம் வீட்டுக்கு அழைத்து வந்தவன் நான்தான். நேராகக் கேட்கிறேன், நேராகச் சொல். அவன் உன்னை அடிக்கிறானா?

கேட்ட பதினைந்து தாளையும் இதோடு வைத்திருக்கிறேன். சனிக்கிழமை அங்கே வருகிறேன்.

அண்ணன்


பிப்ரவரி 25

அண்ணா,

வராதே. இந்தக் கடிதம் சனிக்கிழமைக்குள் உன் கைக்கு வர வேண்டுமே என்று விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

ஆமாம். அடிக்கிறார். மூன்று வருடமாக. கை சுளுக்கியது இயந்திரத்தால் அல்ல. குளியலறைத் தாழ்ப்பாளை அவரே வாங்கி வந்து, அவரே திருகி மாட்டினார். அன்று பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தபோது, "சின்ன மராமத்து வேலை சார்" என்று சிரித்தார். அவர் சிரித்தால் யார்தான் நம்ப மாட்டார்கள்? நீ நம்பவில்லையா, நான் நம்பவில்லையா?

குழந்தைமேல் இதுவரை கை வைத்ததில்லை. "இதுவரை" என்ற சொல்லை எழுதாமல் இருக்க முடியவில்லை. அந்தப் பள்ளி அவள் திறமைக்கு ஏற்ற இடம் என்று ஆசிரியை சொல்கிறார். எனக்கு அது அவள் இந்த வீட்டில் இல்லாத இடம். அவ்வளவுதான்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். கல்யாணத்தன்று எல்லோரையும்விட நீதான் அதிகம் சிரித்தாய். அந்த முகத்திடம் போய் எப்படிச் சொல்வது என்று தள்ளிப்போட்டேன். தள்ளிப்போட்டே மூன்று வருடம் ஓடிவிட்டது.

படிவத்தில் தாய்க்கு ஒரு கட்டம், தந்தைக்கு ஒரு கட்டம். அவர் கையெழுத்துப் போட வேண்டும். நான் கேட்டால் போட மாட்டார். நீ கேட்டால் போடுவார். உன் முன்னால் நல்ல பெயர் எடுப்பதில் அவருக்கு இன்னும் ஆசை உண்டு. உனக்கு எதுவும் தெரியாத மாதிரி, பழையபடி சிரிப்பும் கேலியுமாக அவருக்கு ஒரு கடிதம் எழுது. உன்னால் முடியாது என்று தெரியும். அவளுக்காக எழுது.

தங்கை


மார்ச் 5

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலமா? இங்கே நானும் என் வீட்டுக்காரியும் நலம். வயிறு மட்டும் வருடத்துக்கு ஓர் அங்குலம் முன்னேறிக்கொண்டிருக்கிறது.

உன் மகள் ஏதோ பெரிய பள்ளிக்கு விண்ணப்பம் போடப் போகிறாளாமே! அவளுக்கு வரைபடம் சொல்லிக் கொடுத்தது நான் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்கிறேன். ஆனால் உண்மை நமக்குத் தெரியும். கல்லூரி நாளில், கண்ணாலேயே அளந்து, "இந்தக் கட்டில் இந்தக் கதவுக்குள்ள நுழையாதுடா" என்று சொன்னவன் நீதான். அந்தக் கண்தான் அவளுக்கு வந்திருக்கிறது. அப்பன் கையெழுத்து இல்லாமல் அந்த விண்ணப்பம் முழுமையாகுமா? போட்டு அனுப்பு. அவள் தேறிவிட்டால் முதலில் உன்னைத்தான் எல்லோரும் பாராட்டப் போகிறார்கள்.

ஒருநாள் சந்திக்க வேண்டும்.

உன் மச்சான்


மார்ச் 14

அன்புள்ள மச்சான்,

நலம், நலமறிய ஆவல். எத்தனை வருடம் கழித்து உன்னிடமிருந்து ஒரு கடிதம்! கடையில் வேலை செய்யும் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். கட்டில் விஷயத்துக்கு விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

தொகுப்பை நேற்றுத்தான் என் கண்ணில் காட்டினாள் உன் தங்கை. நன்றாகத்தான் இருக்கிறது. என் மகள் அல்லவா! ஆனால் மச்சான், பன்னிரண்டில் மூன்று நம் வீட்டு வரைபடம். நம் வீட்டுக் கதவு எது, தாழ்ப்பாள் எங்கே என்று ஊர் பேர் தெரியாதவர்களுக்கு எதற்கு? அவற்றை எடுத்துவிட்டேன். குழந்தை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். சரியாகிவிடும். பிள்ளைகள் சீக்கிரம் மறப்பார்கள்.

கையெழுத்துப் போடுகிறேன், உனக்காக. ஒரு வார்த்தை மட்டும் உன் தங்கையிடம் சொல். குழந்தையே விடுதிக்குப் போன பிறகு இவள் எதற்காகக் கண்ணாடிக் கடைக்கு ஓட வேண்டும்? ஏப்ரலோடு நின்றுவிடச் சொல்லியிருக்கிறேன். சம்மதித்துவிட்டாள். வீட்டில் நிம்மதியாக இருக்கட்டும். முழு நேரமும் என் கண்முன்னால் இருந்தால் எனக்கும் நிம்மதி.

நீ சொன்னபடி ஒருநாள் சந்திப்போம். இப்போதெல்லாம் நீ அவளுக்கு அடிக்கடி எழுதுகிறாய் போலிருக்கிறதே. கடை முகவரிக்கு.

உன் மாப்பிள்ளை


மார்ச் 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

எங்களைப் பற்றிக் கவலைப்படாதே. அண்ணியை விசாரித்ததாகச் சொல்.

கையெழுத்துப் போட்டுவிட்டார். நேற்றே அனுப்பிவிட்டேன். ஒன்பது தாள்தான் போயிருக்கிறது. நீ அனுப்பியதில் மீதி இருந்தவையும் வீட்டு வரைபடங்கள்தான், அவற்றையும் அவர் விடவில்லை. மாடிப்படி, கண்ணாடிக் கடை, நூலகம், பேருந்து நிழற்குடை, இன்னும் ஐந்து. மீதி மூன்று கட்டங்களில் அங்குலம் "இல்லை" என்று எழுதினாள். "காலியா விட்டா மறந்துட்டேன்னு நெனைப்பாங்கம்மா. இல்லைன்னு எழுதினாத்தான் சரி" என்றாள்.

வேலையை விட ஒப்புக்கொண்டேன். திட்டாதே. கடைக்கார அம்மாவிடம் சொன்னேன். கண் பரிசோதிக்கும் எழுத்துப் பலகையின் விளக்கை அணைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். குழந்தை பத்திரமாக வெளியே போகிறாள். அதற்கு விலை இது என்றால் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

கூப்பிட்டால் ஏப்ரல் 18 நேர்காணல். குழந்தையும் பெற்றோரில் ஒருவரும் வரலாம். அவர் கடையில் அன்று சரக்குக் கணக்கெடுப்பு. அதனால் என்னைத்தான் அனுப்புவார். மாலை ஐந்து மணிப் பேருந்தில் திரும்பிவிட வேண்டும் என்று இப்போதே சொல்லிவிட்டார்.

இனிமேல் கடைக்கு என் பெயரில் எழுதாதே. கடைசியாக ஒன்று எழுதுவதானால் கடைக்கார அம்மா பெயருக்கு எழுது.

தங்கை


ஏப்ரல் 7

தங்கச்சி,

நேர்காணலுக்கு அழைப்பு வந்துவிட்டது என்று கடைக்கார அம்மா போனில் சொன்னார். நல்ல மனுஷி. இந்தக் கடிதத்தையும் அவரே உன்னிடம் சேர்ப்பார்.

பதினெட்டாம் தேதி காலையிலிருந்து அந்தப் பள்ளிக் கட்டடத்துக்கு எதிரே நான் நிற்பேன். பதினாறு முதல் இருபத்து மூன்று வரை எட்டுத் தாளும் என் கையில் இருக்கும். அண்ணி முன் அறையை ஒழித்துவிட்டாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் எல்லாம் துடைத்தாள். "ஒரு ராத்திரிக்குன்னு நெனைச்சு வரவேணாம்னு சொல்லுங்க" என்றாள்.

அன்று நான் உன்னை எதுவும் கேட்க மாட்டேன். இழுக்கவும் மாட்டேன். நீ ஐந்து மணிப் பேருந்துக்கு நடந்தால் நான் என் வழியே திரும்பிவிடுவேன். மறுநாளும் உனக்கு அண்ணனாகத்தான் இருப்பேன். என் பக்கம் நடந்தால் மூன்று பயணச்சீட்டு எடுத்து வைத்திருப்பேன்.

குழந்தைக்குத் தனியாக ஒரு வரி: அங்குலம், நீ தப்பாக வரையவில்லை. நான்தான் சரியாகப் பார்க்கவில்லை.

அண்ணன்


ஜூன் 11

குழந்தையின் அப்பாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். பன்னிரண்டு வருடக் கல்யாணத்தில் உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. வக்கீலின் கடிதம் தனியாக வந்திருக்கும். அண்ணனை நீங்கள் போனில் ஏசியதையும் கேட்டேன். அவரிடம் கேட்டதற்குப் பதில் நான்தான் சொல்ல வேண்டும். "யாரு அவளுக்குச் சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டீர்களாம். யாரும் இல்லை.

நேர்காணல் அறையில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்த அம்மாள் தொகுப்பைப் புரட்டிவிட்டு, "மூணு எடத்துல இல்லைன்னு எழுதியிருக்கியே, வரையலையா?" என்று கேட்டார்.

"வரைஞ்சேன். எடுத்துட்டாங்க. வேற தாள் மாமாகிட்ட வெளிய இருக்கு" என்றாள் உங்கள் மகள்.

போய் வாங்கி வரச் சொன்னார்கள். ஓடிப்போய் வாங்கி வந்தாள். அந்த அம்மாள் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து ஒரு தாளில் நின்றார். "அலமாரி இங்க இருந்தா கதவு எப்படிம்மா தெறக்கும்?" என்று கேட்டார்.

"தெறக்காது. அதுக்குத்தான் வைக்கிறோம்" என்றாள்.

பிறகு அந்த அம்மாள் குழந்தையை இன்னொருவரோடு தோட்டத்தைப் பார்க்க அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திவிட்டு வந்து, என் எதிரில் உட்கார்ந்தார். பள்ளியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "இன்னைக்குச் சாயங்காலம் நீங்க எங்க போகப் போறீங்க?" என்று மட்டும் கேட்டார்.

ஐந்து மணிப் பேருந்தின் சீட்டு என் கைப்பையில் இருந்தது. குழந்தையை மட்டும் காப்பாற்றினால் போதும் என்றுதான் வந்தேன். ஆனால் அவள் "வைக்கிறோம்" என்றாள். நானும் அதில் இருந்தேன். "எங்க அண்ணன் வீட்டுக்கு" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னதை நானே கேட்டேன்.

உங்கள் மகளுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஜூலையில் சேர்கிறாள். சேர்க்கைக்குப் புதுப் படிவம் நிரப்பும்போது, தந்தையின் கையெழுத்துக்கு என்ன செய்வது என்று கேட்டேன். பழைய படிவத்தின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்கள். பெற்றோரில் ஒருவர் கையெழுத்திட்டால் போதும் என்று சின்ன எழுத்தில் அச்சடித்திருந்தது. எந்தக் கையெழுத்துக்காக என் வேலையைக் கொடுக்க ஒப்புக்கொண்டேனோ, அது தேவையே இல்லை. நான் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவே இல்லை. உங்களிடம் எப்படிக் கேட்பது என்ற பயத்திலேயே இரண்டு மாதம் போய்விட்டது.

இங்கே ஒரு கண் மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். இனி அங்கே வர மாட்டேன். நீங்களும் இங்கே வர வேண்டாம்.

இதோடு முடித்திருப்பேன். ஆனால் நேற்றுச் சாப்பிடும்போது குழந்தை கையை நிறுத்திவிட்டு, "அப்பா தனியா என்ன சாப்புடுவாரு?" என்று கேட்டாள். அவள் கேட்டதை உங்களிடம் மறைப்பது நியாயம் இல்லை என்பதால் எழுதுகிறேன். அவளுக்கு நீங்கள் கடிதம் எழுதலாம். நான் படித்துப் பார்த்துவிட்டுத்தான் அவளிடம் கொடுப்பேன்.

இப்படிக்கு,
அவளுடைய அம்மா